வெள்ளிக்கிழமை நிற்கும் வண்டி

ஓடிக்கொண்டிருக்கும் கார் நின்றுபோவதில் பல தினுசு உண்டு. சில வண்டிகள் இருமி, திணறி, உடம்பைக் குலுக்கி, நாலு பேருக்குத் தெரியும்படி ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு நிற்கும். என் வண்டி அப்படி இல்லை. பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி இரண்டு முறை விக்கும். அப்புறம் பேச்சு மூச்சு இருக்காது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பேன். டாஷ்போர்டில் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும். பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரிப்பார். மிச்சமிருக்கிற வேகத்தில் வண்டியை உருட்டி, இடதுபக்க சர்வீஸ் ரோட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

குடியாத்தத்திலிருந்து கிளம்பி, பள்ளிகொண்டாவில் பெரிய ரோட்டைப் பிடித்து, வேலூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் போனதும் இது நடக்கும். அநேகமாக ஒரே இடம். அங்கே ஒரு பஸ் நிழற்குடை இருக்கிறது. மேம்பாலம் வந்த பிறகு பஸ்கள் மேலேயே போய்விடுகின்றன. நிழற்குடை மட்டும், கல்யாண வீட்டில் யாரும் விசாரிக்காத உறவுக்காரர் மாதிரி, கீழே உட்கார்ந்திருக்கிறது. எதிரே பாலாறு. ஆறு என்று பெயர். பார்த்தால் மணலும் முள்செடியும்தான். நானும் என் மனைவியும் எங்கள் வீட்டைவிட அந்த நிழற்குடையில்தான் ஜாஸ்தி குடும்பம் நடத்தியிருக்கிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் பார்க்கிறவன். பதனிட்டு வரும் தோலை வெளிச்சத்துக்கு நேராக விரித்து, எங்கே கீறல், எங்கே உண்ணி கடித்த தழும்பு, எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். குறை சொல்வதற்கே சம்பளம். சொந்தக்காரர்களில் பலர் இதைச் சம்பளம் இல்லாமலே செய்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கம்பெனிகள் பலவற்றைப் போல எங்களுக்கும் வார லீவு வெள்ளிக்கிழமை. பாய்மார்கள் ஜும்மா தொழுகைக்குப் போவார்கள். என்னைப் போன்றவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தூங்குவோம். என் மனைவி வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு வந்ததில்லை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரிதான் இருந்தோம்.

சாயங்காலத்தில் சேர்ந்து இருந்தாலும் பேச முடியாது. எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கமும் பவர்லூம், அந்தப் பக்கமும் பவர்லூம். லுங்கி நெய்யும் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் எதிரில் இருப்பவருக்குக் கேட்கும். "கொழம்புல உப்பு கம்மி" என்பதைக் கத்திச் சொல்லலாம். மற்றதையெல்லாம் எப்படிக் கத்திச் சொல்வது? தெருவே திரும்பிப் பார்க்கும்.

அதனால்தான் பழைய கார் ஒன்று கைக்கு வந்ததும், வெள்ளிக்கிழமைகளில் நானே அவளை வேலூரில் கொண்டுபோய் விட ஆரம்பித்தேன். மற்ற நாட்களில் வண்டி மார்க்கெட்டைத் தாண்டாது.

வாங்கிய புதிதில், பெட்ரோல் டேங்க் மூடியில் ரப்பர் வாஷர் இற்றுப்போயிருந்தது. வளைவில் திரும்பினால் பெட்ரோல் வாசனை வரும். கடையில் புது மூடி கிடைக்கும். ஆனால் தோல் கம்பெனிக்காரன் வீட்டில் அப்படியெல்லாம் சுலபமாகக் கடைக்குப் போய்விட மாட்டார்கள். குழாய் ஒழுகினால் தோல் வாஷர். நாற்காலி ஆடினால் காலுக்கு அடியில் தோல். கதவு அடித்துக்கொண்டால் இடுக்கில் தோல். நானும் ஒரு சாம்பிள் துண்டை எடுத்து, மூடியின் அளவுக்கு வட்டமாக வெட்டினேன். மூடியின் உள்பக்கம் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டை பார்த்துப் பார்த்தே கண் பூத்தவன் நான். எங்களுக்கு ஓட்டை என்றால் ரிஜெக்ட். "இன்னா மட்டமா செஞ்சிருக்கான் பாரு" என்று கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு, அந்த ஓட்டையையும் சேர்த்து அடைக்கிற மாதிரி வைத்து, பசை தடவி, எண்ணெய் தேய்த்து, பளபளவென்று ஆக்கிவிட்டேன்.

அவள் வந்து பார்த்தாள். "பெட்ரோல் டேங்குக்கு ஷூ மாட்டி விட்டுட்டீங்களா?"

"எக்ஸ்போர்ட் சரக்கு சிஸ்டர். வெளிநாட்டுக்காரன் கால்ல போட்டுக்கறது."

அவளை சிஸ்டர் என்று கூப்பிடுவது என் வழக்கம். ஆஸ்பத்திரியில் ஊரே கூப்பிடுகிறது, நான் மட்டும் என்ன பாவம் செய்தேன்? மாமனார் வீட்டில் இதனால் எனக்கு நல்ல பெயர் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் வண்டி முதல்முதலாக நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அளவுக்கு எனக்கு மூளை இருந்திருந்தால், இதை எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது.

"இன்னாங்க ஆச்சு?"

"யோசிக்குது."

"யாரு?"

"வண்டி."

அன்றைக்கு அவளுக்குக் கோபமான கோபம். நிழற்குடையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரம் போல ஆகியிருக்கும். சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தேன். எதுவுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த வாரமும் அதேபோல நின்றது, அதேபோல கிளம்பியது. மெக்கானிக்குகளிடம் காட்டினேன். ஒருவர் பிளக்கை மாற்றினார். இன்னொருவர் இக்னிஷன் காயிலை மாற்றினார். எல்லாரும் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பரா ஓடுதே சார்" என்றார்கள். தெருமுனை வரை எனக்கும் சூப்பராகத்தான் ஓடியது. ஆம்பூரில் என் தோஸ்த், மெக்கானிக் பாய் ஒருவர், மூன்றாவது முறை பார்த்துவிட்டு, "வண்டில ஒரு ப்ராப்ளமும் இல்ல. ஓட்டறவர்தான் பேஜார்" என்றார். நான் சிரித்தேன். அவர் சொன்னதுதான் சரியான ரிப்போர்ட் என்று அப்போது தெரியவில்லை.

அப்புறம் நாங்கள் பழகிவிட்டோம். நிற்கப்போகிற நேரத்தையும் கணக்கில் சேர்த்து முன்னாடியே கிளம்புவோம். பிளாஸ்க்கில் டீ, ஒரு பொட்டலம் வேர்க்கடலை. வண்டி விக்கியதும், "வந்துடுச்சு உங்க ஸ்டாப்பிங்" என்பாள். நிழற்குடையில் போய் உட்காருவோம். தறிச்சத்தம் இல்லை, மாமியார் இல்லை, டிவி இல்லை. முதல் சில வாரங்கள் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. பெண் பார்க்கப் போனபோது தனியாகப் பேச அனுப்புவார்களே, அந்த மாதிரி வெட்கமாக இருந்தது. பிறகு பேச்சு வந்தது. வார்டில் நடக்கிறதையெல்லாம் அவள் அங்கேதான் சொன்னாள். அவள் கையைப் பிடித்தபடியே செத்துப்போன ஒரு நோயாளியைப் பற்றி அங்கேதான் சொன்னாள்; சொல்லிவிட்டு அழுதாள். வீட்டில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் மேனேஜர் நடக்கிற மாதிரி நான் அங்கே நடந்து காட்டுவேன். மூக்கில் டீ ஏறச் சிரிப்பாள். ப்ளஸ் டூ முடித்த எங்கள் மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது, ஹாஸ்டலில் விடலாமா என்பதெல்லாம் அந்தச் சிமெண்டுப் பலகையில் முடிவானதுதான்.

மஸ்கட் பேச்சும் அங்கேதான் வந்தது.

"அங்க ஒரு ஆஸ்பத்திரில கூப்பிடறாங்க," என்றாள் ஒரு வெள்ளிக்கிழமை. "ரெண்டு வருஷம். எனக்குப் போவணும்னு இருக்குது."

"போயேன். அங்க பெட்ரோல் மலிவு. இந்த வண்டியையும் கூடவே கூட்டிட்டுப் போய்டு."

"ஜோக் வேணாங்க. போவட்டுமா, வேணாமா? நீங்க இன்னா நெனைக்கறீங்க, அத சொல்லுங்க."

நான் நினைத்தது எனக்குத் தெரியும். அது தொண்டை வரைக்கும் வந்தது. எழுந்துபோய், எதற்கோ, சாவியைத் திருப்பினேன். அன்றைக்குப் பார்த்து ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆகித் தொலைத்தது. "லேட்டாவுது, வா வா" என்றேன். வேலூர் வரைக்கும் ரேடியோ கேட்டுக்கொண்டு போனோம். அவள் மஸ்கட் போனாள்.

அவள் போன பிறகும் வெள்ளிக்கிழமை காலையில் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. டீ போட்டு பிளாஸ்க்கில் ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான், யாருக்கு என்று யோசித்தேன். சரி, ஒரு சுற்று போய் வரலாம் என்று கிளம்பி, வழியில் பெட்ரோல் போட்டேன். கவனம் எங்கேயோ இருந்ததில், டேங்க் மூடியை பெட்ரோல் பம்ப் மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். பள்ளிகொண்டா வந்தது. நிழற்குடை வந்தது. வண்டி நிற்கவில்லை. வேலூர் போகும்போது, ஓடுகிற வண்டியிலிருந்து அதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். சர்ரென்று பின்னால் போய்விட்டது. இவ்வளவு சின்னதா என்றிருந்தது. வேலூர் வரை ஓடியது. திரும்பவும் ஓடியது.

பங்கில் வேலை செய்கிற பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். "அண்ணா, உங்க மூடி. தோலெல்லாம் வெச்சி ஒட்டியிருக்கீங்க, பர்ஸ்னு நெனைச்சேன்."

மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வட்டமான, வழவழப்பான, ஓர் ஓட்டைகூட இல்லாத முதல்தரத் தோல். அப்போதுதான் புரிந்தது. பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்காகத்தான் கம்பெனிக்காரன் ஓட்டை வைத்திருக்கிறான். அதை நான் அடைத்துவிட்டேன். காற்று இல்லாமல் டேங்க் பெட்ரோலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ள, எஞ்சின் பட்டினியில் நின்றிருக்கிறது. சும்மா விட்டால், ஏதோ இடுக்கு வழியாகக் காற்று கசிந்து சரியாகியிருக்கிறது. பிளக் பாவம். காயில் பாவம். எத்தனை மெக்கானிக் பாவம்.

ஓட்டை உள்ள புது மூடி வாங்கிப் போட்டேன். பழையதை மேஜை டிராயரில் வைத்தேன். வண்டி அப்புறம் எங்கேயும் நிற்கவில்லை. ஒடுகத்தூர் மலையடிவாரம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். கலவையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். நிற்கவே இல்லை. இத்தனை ஒழுங்காக ஓடும் வண்டியை ஓட்டுவதில் ஒரு சுவாரசியமும் இல்லை என்று கண்டுபிடித்தேன்.

மஸ்கட்டிலும் வெள்ளிக்கிழமைதான் லீவாம். அதாவது, எங்கள் இரண்டு பேருக்கும் கடைசியில் ஒரே நாளில் லீவு கிடைத்துவிட்டது. நடுவில் ஒரு கடல், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் வருவாள். நான் மாடிக்கு ஓடுவேன். அங்கேயும் தறிச்சத்தம் துரத்திக்கொண்டு வரும். அவள் எப்போதும் கேட்பது ஒன்றுதான்.

"வண்டி இன்னும் நிக்குதா?"

"நிக்காம? கரெக்டா நம்ம ஸ்டாப்பிங்ல நிக்குது."

ஏன் அப்படிப் பொய் சொன்னேன்? சரியாகிவிட்டது என்று சொன்னால், அந்த நிழற்குடையும் அவளுக்கு இல்லாமல் போய்விடும் என்று பட்டது. எனக்கும்தான்.

ஒப்பந்தம் முடிந்து வருகிறேன் என்றாள். திரும்பப் போவாளா, இங்கேயே இருந்துவிடுவாளா, அதை அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. போனில் கேட்கிற விஷயமா அது? எனக்குத் தெரிந்து அதைக் கேட்பதற்கு உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அங்கே கேட்க வேண்டும் என்றால் வண்டி நிற்க வேண்டும். டிராயரிலிருந்து பழைய மூடியை எடுத்து மாட்டிக்கொண்டு காட்பாடி ஸ்டேஷனுக்குப் போனேன்.

கொஞ்சம் இளைத்திருந்தாள். பெட்டியைத் தூக்கி வைத்தேன். வண்டியை வேலூர்ப் பக்கம் திருப்பினதும் கேட்டாள்.

"ஏன் இப்படி சுத்திக்கிட்டு? காட்பாடிலேந்து நேரா குடியாத்தம் ரோட்ல போய்டலாமே."

"அந்த ரோடு மோசம்."

"இந்த ரோட்ல டோல் வேற இருக்குது."

"இருக்கட்டும். ஃபாரின் ரிட்டர்ன் ஆச்சே."

வேலூர் தாண்டியது. நான் ஸ்பீடோமீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். விக்கல் வரவில்லை. மெதுவாக ஓட்டினேன். வரவில்லை. விரட்டி ஓட்டினேன். அப்போதும் வரவில்லை. ரெண்டு வருஷமாக டிராயரில் கிடந்த தோல் காய்ந்து சுருங்கியிருக்கும் என்பது, தோல் பார்த்தே தலை நரைத்த எனக்கு ஞாபகம் வரவில்லை. மேம்பாலம் வந்துவிட்டது. நிழற்குடை ரோட்டுக்கு அந்தப் பக்கம். இதைவிட்டால் வீடு வந்துவிடும். வீட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும்.

"நிக்கலையே," என்றாள்.

"இன்னிக்கு... நல்ல மூட்ல இருக்குது போல."

"கீழ எறங்குங்க. பாலத்துக்கு அடியில திருப்பி அந்தப் பக்கம் போங்க."

போனேன். நிறுத்தினேன். அவள் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். நிழற்குடைக்குப் போகவில்லை, நேராக வண்டியின் பின்பக்கம் போய், டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த தோலை நகத்தால் நிமிண்டிப் பார்த்தாள்.

"காஞ்சி போச்சு. ரொம்ப நாளா மாட்டவே இல்ல போல," என்றாள். நோயாளியின் நாக்கைப் பார்த்துச் சொல்வது மாதிரி.

"உனக்கு எப்பலேந்து தெரியும்?"

"மொத மாசத்துலயே. ஒரு நாள் கடலை வாங்கப் போனீங்க இல்ல. பெட்ரோல் இருக்குதான்னு தொறந்து பார்த்தேன். உஸ்ஸுன்னு ஒரு சத்தம். ஆக்சிஜன் சிலிண்டர் வெச்சி வேலை செய்யறவளுக்கு இது தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா சரி பண்ணிடுவீங்களே."

அவள் போய் பலகையில் உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். மேலே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க," என்றாள். "ஒரு வார்டையே எங்கிட்ட குடுக்கறாங்களாம். கையெழுத்து போடல. ஊருக்குப் போய் ஒரு எடத்துல உக்காந்து யோசிச்சிட்டு சொல்றேன்னு வந்துட்டேன்."

"எந்த எடத்துல?"

"இங்கதான். வேற எங்க?" சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். "இப்ப சொல்லுங்க. நீங்க இன்னா நெனைக்கறீங்க?"

இரண்டு மூன்று ஜோக் வந்தது. நல்ல ஜோக்தான். எதையும் சொல்லவில்லை.

"நீ இல்லாம எனக்கு முடியல. தறி ஓடிக்கிட்டேதான் இருக்குது. வீட்ல சத்தமே இல்லாத மாதிரி இருக்குது."

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல."

"அப்ப வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சே."

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"சொல்லியிருந்தா போயிருக்க மாட்டியா?" என்று கேட்டேன்.

"போயிருப்பேன். ஆனா இதக் கேட்டுட்டுப் போயிருப்பேன்."

சாவியை மடியில் வைத்துவிட்டு, "ஒரே ஒரு வருஷம்ங்க. அந்த வார்டை நான் நடத்திப் பார்த்துடணும். முடிச்சிட்டு வந்துடறேன்" என்றாள். அவள் குரலில் அந்த வார்டு ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தது. நான் தலையாட்டினேன். மனசார ஆட்டினேனா என்று கேட்டால், தலை ஆடியது என்று மட்டும் சொல்வேன். சாவிதான் அவளிடம் இருக்கிறதே, கிளம்புவதற்கு அவசரம் என்ன? வெயில் சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம்.

அவள் திரும்பிப் போன பிறகு, பழைய மூடியைக் கழற்றி எண்ணெயில் ஊறவைத்தேன். காய்ந்த தோலுக்கு எண்ணெய் கொடுத்தால் இளகும். இளகியது. மாட்டினேன். வெள்ளிக்கிழமை பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பள்ளிகொண்டா தாண்டியதும் இரண்டு விக்கல். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து, பின்னால் வந்த லாரிக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

இப்போது வாராவாரம் இப்படித்தான். போகிறவர்கள் சிலர் பைக்கை நிறுத்தி, "இன்னா சார், தள்ளணுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்கிறேன். ஒருவர் நம்பாமல் பத்து நிமிஷம் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனார். டீயைக் கப்பில் ஊற்றும்போது போன் வரும். இங்கே தறிச்சத்தம் இல்லாததால் கத்த வேண்டியதில்லை.

"நின்னுச்சா?" என்பாள்.

"நின்னுச்சு."

"நம்பமாட்டேன். உங்க பேச்ச நம்பி ரெண்டு வருஷம் ஏமாந்தேன்."

போனை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போவேன். டேங்கின் அருகில் பிடித்துக்கொண்டு, மூடியை மெதுவாகத் திருப்புவேன். உஸ்ஸ் என்று காற்று உள்ளே போகும். மஸ்கட்டில் அவள் அதை முழுசாகக் கேட்டு முடிப்பாள்.

"ம்," என்பாள். "டீ ஆறிடப் போவுது. போய்க் குடிங்க."